செருப்புக்கடையில் தலைமை அலுவலகம்

"ஒரு கம்பெனியவே, முதலாளியோட சேர்த்து, ஒரு நாற்காலிகூடத் தூக்காம, செருப்புக்கடைக்கு மாத்திக் காட்டினவன் நான்" என்றார் வயர்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, எழுந்து கைகழுவச் சோம்பல்பட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்த நேரம். வயரின் மனைவி தட்டுகளை அடுக்குகிற சாக்கில் சமையலறைக்குள் நழுவிவிட்டாள். சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. வாய்விட்டுச் சிரித்தது மச்சினி ஒருத்திதான்.

"போன தடவை, லிஃப்ட்ல மாட்டின முதலாளிய ஒத்தைக் கையால மேல இழுத்தேன்னு சொன்னீங்க அத்தான். அதையாவது நம்பலாம் போல இருக்கு."

வயர் என்பது ஆபீசில் வைத்த பெயர். அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவர்தான், அவர் மட்டும்தான். தோளில் எப்போதும் ஒரு சுருள் வயர் தொங்கும். அது எதையும் எதோடும் இணைத்ததாகச் சாட்சி இல்லை. லிஃப்ட் கதை சுத்தப் பொய் என்பதும் ஊரறிந்தது. ஆனால் செருப்புக்கடைக் கதை நிஜம். அதற்குக் காரணம் தொழில்நுட்பம்கூட இல்லை, வெறும் வயிற்றெரிச்சல்.

சகலை புது வேலையில் சேர்ந்ததிலிருந்து ஆரம்பித்தது அது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசியும் உட்காரும். இரண்டு கவளம் உள்ளே போவதற்குள், "ஒரு நிமிஷம், ஆபீஸ் மெயில்" என்று எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, புருவத்தை நெரித்து அவர் படிக்கிற தோரணையைப் பார்த்தால், அந்தப் பதில் போகாவிட்டால் உலகத்தில் பாதிக் கப்பல்கள் துறைமுகத்திலேயே நின்றுவிடும் என்று தோன்றும்.

வயரின் கம்பெனிக்கும் வெப்மெயில் உண்டு. ஆனால் அது ஆபீஸ் சுவருக்குள் மட்டும் திறக்கும். வெளியிலிருந்து யார் வந்தாலும் ஃபயர்வால் என்கிற காவல்காரன் வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவான். அந்தக் காவல்காரனுக்குச் சோறு போட்டு வளர்ப்பதே வயர்தான். அதனால் அவரையும் சேர்த்துத்தான் தள்ளினான்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறது நீங்க. வீட்ல இருந்தபடி ஆபீஸ் பார்க்கிறது அவரு. வேடிக்கையா இல்ல?"

அவளுக்கு வேடிக்கைதான். அவருக்கு அன்று இறங்கின சோறு செரிக்கவில்லை.

மறுநாளே முதலாளியின் அறைக்குள் நுழைந்து, வெப்மெயிலை வெளியே திறந்துவிட்டால் வியாபாரம் எப்படியெல்லாம் பொங்கி வழியும் என்று விளக்கினார். விமானத்தில் படிக்கலாம், மலை உச்சியில் படிக்கலாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படிக்கலாம் என்றார். முதலாளிக்குக் கடைசி உதாரணம் பிடிக்கவில்லை. இருந்தாலும் செய்யச் சொன்னார்.

சனிக்கிழமை ஆபீஸ் காலியாக இருந்தபோது வயர் வேலையை முடித்தார். ஃபயர்வாலில் ஒரு கதவு திறந்தார். வெப்மெயிலின் இணைய முகவரிக்கு உலகம் முழுக்கத் தெரியும்படி புதுப் பெயர் ஒன்று சூட்டினார். பழைய பெயரைத் துடைத்தெறிந்தார். வீட்டுக்குப் போய்க் கைபேசியில் தட்டினால், மெயில் பூப்போலத் திறந்தது.

உடனே சகலைக்குப் போன் போட்டு, சும்மாதான் கூப்பிட்டேன், ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆரம்பித்தார். ஜன்னலோரம் இடுப்பில் கை ஊன்றி நின்றபடி, வந்திருந்த ஒரே மெயிலைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். தண்ணீர்த் தொட்டி கழுவப்படும் என்கிற அறிவிப்பு அது. சகலை அசரவில்லை. நேரில் காட்டுங்கள், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை, வயர் நாற்காலியில் உட்காருவதற்குள் கணக்கு மேடம் வந்து நின்றார்.

"சார், மெயில் திறக்காம சுத்திக்கிட்டே இருக்கு."

வயர் போய்ப் பார்த்தார். சுற்றியது. பக்கத்து மேசையிலும் சுற்றியது. எல்லா மாடியிலும் சுற்றியது. கைபேசியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அங்கே அழகாகத் திறந்தது. உள்ளே வந்தார், திறக்கவில்லை. இப்படி அவர் உள்ளேயும் வெளியேயும் ஓடினதைப் பார்த்து வாசல் காவலாளிக்கே தலை சுற்றியது.

விஷயம் இதுதான். ஆபீசுக்குள் இருப்பவர் புதுப் பெயரைச் சொல்லி மெயிலைத் தேடினால், அந்தத் தேடல் வாசலைத் தாண்டி வெளியே போய், தெருக்காரன் மாதிரி திரும்பி வந்து, தன் வீட்டுக் கதவையே தட்டும். உள்ளேயிருந்து போனவன் வெளியாளாக வந்து நிற்கிறானே, இவனை விடுவதா விரட்டுவதா என்று ஃபயர்வாலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது மிரண்டுபோய்ப் பேசாமல் இருந்துவிட்டது.

பழைய பெயரைத் திரும்ப வைத்தால் அரை நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் வெளிக்கதவு மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சகலை வருகிறார். வயர் பழையதுக்குத் திரும்ப மறுத்துவிட்டார்.

தற்காலிகமாக அவரவர் கைபேசியில் சொந்த இணையத்தில் பாருங்கள் என்று அறிவித்தார். அந்தக் கட்டடத்துச் சுவரோ பீரங்கிக்குப் பயந்து கட்டியது. உள்ளே சிக்னல் எட்டிப் பார்க்காது. கணக்குப் பிரிவு ஜன்னலுக்குப் போனது, படிக்கட்டுக்குப் போனது, கடைசியில் தெருவைக் கடந்து எதிரே இருந்த செருப்புக்கடைக்குப் போனது. சிக்னல் அங்கேதான் கொட்டிக் கிடந்தது.

அடுத்து வயர், உள்ளே இருக்கிறவர்களுக்கு மெயிலின் வழியைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். நல்ல யோசனைதான். ஆனால் கையில் அவசரம், கண்ணில் சகலை. மெயிலுக்கு மட்டும் சொல்லவேண்டிய வழியைக் கம்பெனிப் பெயர் முழுவதுக்கும் சொல்லிவிட்டார். கம்பெனியின் இணையப் பக்கமும், ஆர்டர் எடுக்கிற பக்கமும் உள்ளே இருப்பவர்களுக்கு மறைந்து போயின. விற்பனைப் பிரிவு முழுவதும் தெருவைக் கடந்தது.

பதற்றத்தில், உள்ளேயிருந்து வாசலைத் தட்ட வருகிறவர்களைத் திருப்பி அனுப்பு என்று ஃபயர்வாலுக்கு ஒரு விதி எழுதினார். அது இதற்குத்தான் காத்திருந்தது போல, உள்ளேயிருந்து வாசல் பக்கம் வந்த எல்லோரையும் திருப்பி அனுப்பியது. ஆபீசுக்குள் இணையம் என்பதே இல்லாமல் போயிற்று. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு திரையில் பேசிக்கொண்டிருந்த முதலாளி, வாயைத் திறந்தபடி உறைந்து காணாமல் போனார். பிறகு அவரும் தெருவைக் கடந்தார்.

செருப்புக்கடைக்காரர் விவரமானவர்.

"வாங்க சார், தாராளமா உக்காரலாம். ஆனா ஸ்டூல் எல்லாம் போட்டுப் பார்க்கிறவங்களுக்குத்தான்."

அதனால் தலைமை அலுவலகம் அன்று ஒரு காலில் புதுச் செருப்போடு நடந்தது. கணக்கு மேடம் பில்லுக்கு ஒப்புதல் தந்தது குதிகால் செருப்பு மாட்டிக்கொண்டு. விற்பனை மேலாளர் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஜோடி கழற்றி மாட்டினார். முதலாளி கடைப்பையன் கையில் பாதத்தைக் கொடுத்துவிட்டு, பெரிய ஒப்பந்தம் ஒன்றை மெயிலிலேயே முடித்தார்; அவருக்கு அளவு இறுக்கமாக இருந்ததால் நிபந்தனைகளும் இறுக்கமாகவே விழுந்தன. கூட்டத்தைப் பார்த்து ஏதோ பாதி விலைக்கு விற்கிறார்கள் என்று பேருந்தை நிறுத்தி இறங்கிய பயணிகளும் உண்டு. சாயங்காலம் கம்பெனியில் பழைய செருப்போடு மிஞ்சினது, வயரும் வாசலை விட்டு நகர முடியாத காவலாளியும் மட்டும்தான்.

முதலாளி வயரைக் கடை வாசலுக்கே வரவழைத்தார்.

"இருட்டுறதுக்குள்ள மெயில் உள்ளே திறக்கணும். இல்லன்னா நாங்க உள்ளே போயிடுவோம், நீங்க வெளியே இருங்க."

அந்த வார்த்தை வயரின் கண்ணிலிருந்து சகலையை அழித்துவிட்டது. நேரே போய் உட்கார்ந்து, அந்தப் பாழாய்ப்போன விதியை நீக்கினார். கம்பெனிப் பெயர் முழுவதுக்கும் சொன்ன வழியை நீக்கினார். மெயிலுக்கு மட்டும், உள்ளே இருப்பவர்கள் வெளியே போய் வராமல் நேராக வரும்படி ஒரே ஒரு வரி எழுதினார். திறந்தது. உள்ளேயும் திறந்தது, வெளியேயும் திறந்தது. கம்பெனி முழுவதும் புதுத் தோல் கிறீச்சிட வரிசையாகத் திரும்பி வந்தது.

இதையெல்லாம் வயர் சாப்பாட்டு மேசையில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தார். பாதிக் கதையிலேயே சகலை, "அவசர மெயில்" என்று பால்கனிக்குப் போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதே இடுப்புக் கை, அதே புருவம். ஜெயித்துவிட்டு வந்த வயர் கைபேசியில் தன் மெயிலைத் திறந்து மேசையில் வைத்திருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறை வாசலில் நின்ற மனைவி மெல்லக் கேட்டாள். "உள்ளே இருந்தா திறக்காது, வெளியே போனாத்தான் திறக்கும்னா, எந்த ஊர்லயாவது நடக்குமாங்க? கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லக் கூடாதா?"

"கேளு, உன் தங்கச்சிய. அவதான் என்னைக்குமே என்னை நம்பினதில்லையே. இதையும் பொய்னு சொல்லட்டும்."

மச்சினி சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். மேசையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் கோடிழுத்துக்கொண்டிருந்தவள், பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நடந்திருக்கும் அத்தான், நான் நம்புறேன். இவரு ஆபீஸ்லயும் சேர்ந்த நாள்ல இருந்து மெயில் உள்ளே திறக்கிறதே இல்லையாம். அதைப் படிக்கத்தானே இவரு தினமும் வீட்டுக்கு ஓடி வர்றாரு."