தர்மபுரி எண்ணெய் எல்லாம் மிருகக் கொழுப்பு

தர்மபுரி மாவட்டத்தில் என் கைக்குக் கிடைத்த அத்தனை எண்ணெயிலும் மிருகக் கொழுப்பைக் கண்டுபிடித்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரி படித்த முட்டாள் எவ்வளவு தூரம் போவான் என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் டவுனில் ஒரு சின்ன தனியார் லேபில் சேர்ந்த புதிது. எண்ணெயைக் காரத்தோடு கொதிக்கவைத்துப் பிரித்தால் கடைசியில் மெழுகு மாதிரி கொஞ்சூண்டு மிஞ்சும். ஸ்டீரால் என்பார்கள். செடிக்கு ஒரு வகை, மிருகத்துக்கு வேறு வகை. பக்குவப்படுத்திச் சூடாக்கினால் செடியுடையது நிதானமாக, நல்ல சூட்டில்தான் உருகும். அதற்கு முன்பே உருகினால் மிருகக் கொழுப்புக் கலப்படம்.

லேபை நடத்திய மேடம் லீவில் இருந்தார். பாப்பிரெட்டிப்பட்டியில் செக்கு வைத்திருந்த மாதேசன் கடலை எண்ணெய் கொண்டுவந்தார். பக்கத்து ஹாஸ்டலுக்கு எண்ணெய் ஊற்றும் ஆர்டர், எங்கள் லேப் ரிப்போர்ட் இருந்தால்தான் கிடைக்கும்.

உருகியது பாருங்கள், ஐஸ் மாதிரி!

"மிருகக் கொழுப்பு இருக்குதுங்க" என்றேன், நீதிபதி குரலில்.

மாதேசன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "ஏனுங்க சார், செக்குல கட்டுன மாட்டத் தவிர அங்க மிருகமே இல்லீங்க. அதுவும் வெளியதானுங்க சுத்துது!"

பாவமாக இருந்தது. "மேடம் வந்ததும் முடிவு பண்ணிக்கலாம்" என்று அனுப்பிவிட்டு, மறுபடி செய்தேன். மறுபடியும் கொழுப்பு. சந்தேகத்துக்கு எங்கள் வீட்டு நல்லெண்ணெயைப் போட்டேன். கொழுப்பு! கடையில் சீல் வைத்த டின் வாங்கி உடைத்தேன். அதிலும்! (தலை சுத்திருச்சுங்க. மாவட்டமே சேந்து ஏமாத்துதா?) வீட்டில் பொரியலைத் தள்ளிவைத்தேன்.

"ஏண்டா, வெண்டைக்காயத் திங்காம மொறைக்கற?" என்றார் அம்மா.

"அதுல என்ன மிருகம் இருக்குதோ, யாரு கண்டா?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

லீவு முடிந்து மேடம் வந்த அன்று, மாதேசனும் வந்து உட்கார்ந்திருந்தார். நான் மும்முரமாகக் குடுவையின் கழுத்தில் விரலால் வழித்துத் தடவிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா அது?"

"குடுவையும் மேல இருக்கற குழாயும் ஒட்டிக்குதுங்க மேடம். கிரீஸ் தீந்துபோச்சு. எண்ணெய் டெஸ்ட்டுல எண்ணெயத் தடவுனா ரிசல்ட் கெட்டுருமில்லீங்களா? அதான் நெய்." (அந்த அளவுக்கு மூளை வேலை செஞ்சிருக்குது, கவனிங்க.)

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நெய் எங்கிருந்து வருது?"

"என் டிபன் கேரியர்ல இருந்துங்க."

"அதுக்கு முன்னாடி?"

"வூட்ல அம்மா உருக்குவாங்க."

"அதுக்கும் முன்னாடி?"

"எருமைல இருந்..." வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

மேடம் எல்லாக் குடுவையையும் என்னையே கழுவவைத்து, அவரே டெஸ்ட்டைச் செய்தார். மாதேசனின் எண்ணெய் உருக வேண்டிய சூட்டில்தான் உருகியது. ஆர்டரும் தப்பித்தது.

இன்றைக்கும் என் இலையில் நெய் ஊற்றுமுன் மனைவி கேட்பார்: "ரிசல்ட் கெட்டுடாதுங்களே?" பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அன்று ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மாதேசன் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"தம்பி, எண்ணெயில கலப்படம் இல்லீங்க. இந்த லேபுலதான் இருக்குது."