இரண்டாம் பாகத்துக்கு வில்லன் கிடைத்த படலம்

வாழ்க, கொதிஎண்ணெய்க் கொப்பரையின் கோமான்! வாழ்க, வெங்காயச் சமோசா வேந்தன், திண்டுக்கல் நகரத் தியேட்டர் ஒன்றின் கேண்டீனைக் கண்ணாடிக் கோட்டை கட்டி ஆண்டருளும் சோலைமலை!

பறக்கும் நாயகன் படத்தின் முதல் பாகத்தில், மலைப்பாம்பை அரைக்கச்சையாய்ச் சுற்றிய வில்லன் ஒரு சிரிப்புத்தான் சிரித்தான். நாவறண்ட மாந்தர் இடைவேளையில் குடகனாற்றுப் புதுவெள்ளமெனப் பாய்ந்து கேண்டீனைத் தின்றே துடைத்து வைத்தனர். படமும் வாரக்கணக்கில் ஓடிற்று. அன்று சோலைமலையின் திருவுள்ளத்தில் ஒரு சாத்திரம் உதித்தது: வில்லன் வலுத்தால் வசூல் வலுக்கும், வசூல் வலுத்தால் சமோசா தீரும்.

ஆதலால் இரண்டாம் பாகத்தின் முதற்காட்சிக்கு இருமடங்கு மாவு பிசைந்து, பொன்னிறச் சமோசாக்களை அணிவகுத்து நிறுத்தி, இடைவேளை மணிக்குக் காத்திருந்தான்.

அந்தோ! திரையில் தோன்றிய புதுவில்லனோ, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, அம்மா பாசம் கிட்டாததால்தான் உலகை அழிப்பதாய்த் தேம்பினான். அவனை அடிக்க நாயகனுக்கே கை எழவில்லை. மணி முழங்குமுன்னரே, தோற்ற படைபோல் சனம் வண்டி ஸ்டாண்டை நோக்கி நடந்தது.

"இவனெல்லாம் வில்லனாண்ணே? எங்க கணக்கு டீச்சர் இதவிட மிரட்டுவாங்க," என்று கல்லூரி மாணவி கீர்த்தனா கேண்டீனைக் கடந்தாள்.

"அம்புட்டு நல்ல பய. அவங்கூட எதுக்குச் சண்ட?" என்று தோல் வியாபாரி ஹாமித்தும் சாவியைச் சுழற்றினார்.

ஆறிக்கொண்டிருந்த சமோசாக்களைச் சோலைமலை ஒருகணம் நோக்கினான். மீசை துடித்தது. எண்ணெய் வடிக்கும் சல்லிக்கரண்டியைச் சூலமென உயர்த்தி, வாயிலை மறித்து, மேகம் நாண முழங்கினான்:

"நில்லுங்கப்பா! அவன் டம்மி! நெசமான வில்லன் இனிமேத்தேன் வாரான்! வெறும் வயித்தோட அவனப் பாக்காதீக!"

திகைத்தது சனம், திரும்பியது, ஆளுக்கு இரண்டு வாங்கி ஏந்தி அரங்கம் புகுந்தது. தட்டுகள் வெறுமையாயின. வென்றான் வேந்தன்!

உள்ளேயோ, கண்ணாடிக்காரன் அழுதான். நாயகனும் உடன் அழுதான். இருவரும் தழுவிக்கொள்ளப் படம் முடிந்தது. வேறெவனும் வரவில்லை.

கதவுகள் அதிர்ந்து திறந்தன. "எங்கய்யா நெசமான வில்லன்?" என்ற பேரொலி சிறுமலையில் மோதி மீண்டது. டிக்கெட் கிழிக்கும் பிரான்சிஸ் கேண்டீனை நோக்கி விரல் நீட்டினான். முதல் பாகத்துப் பாம்புக்காரனுக்கும் வாய்க்காத பகைப் பார்வை, நூறு விழிகளினின்று அம்பெனப் பாய்ந்தது. திரை வில்லனைக் கண்டு சீறாத அரங்கு இவனைக் கண்டு சீறியது. படத்தில் இல்லாத சண்டைக்காட்சி வெளியே தொடங்கவிருந்தது.

சோலைமலை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, பின்வாசல் வழியாக வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.