ஒரு பிரபு, ஒரு வாய், இரண்டு பலகாரக் கடைகள்

அன்புள்ள தங்கை மிசாவோவுக்கு,

இங்கே கோட்டை அகழியில் தாமரை இலைகள் காயத் தொடங்கிவிட்டன. உங்கள் நகோயாவிலும் வெயில் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். செய்தியில் அப்படித்தான் சொன்னார்கள், சரியாகக் கேட்டேனா என்று நிச்சயமில்லை. உன் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும், உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். அதாவது, உடம்பு சுகம்.

விஷயம் இதுதான்: உன் வீட்டு மாடியறை காலியாக இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நான் அங்கே வந்து கொஞ்ச காலம் தங்கிக்கொள்ளலாமா?

வசந்தத்தில் நகராட்சி அலுவலகத்துப் பெண் தொமிசே வந்தாள். சுற்றுலாக் கையேட்டின் முதல் பக்கத்துக்கு நம் மிதசே நகரைப் பற்றி ஓர் அறிமுகம் வேண்டுமாம். வரலாற்று ஆசிரியராக இருந்தவன் என்பதால் நான்தான் எழுத வேண்டுமாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் நூலகத்தில் சரிபார்த்து எழுதினேன். கோட்டை நம் அப்பா காலத்தில் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது, உள்ளே லிஃப்ட் உண்டு என்று எழுதினேன். எதிரி வழிதவற வேண்டும் என்றுதான் தெருக்களை மடக்கி மடக்கிப் போட்டார்கள், ஆனால் எதிரி வந்ததாகப் பதிவில்லை, இன்றுவரை வழிதவறுவது பார்சல் கொண்டுவருகிறவர்கள்தான் என்று எழுதினேன். அதிவேக ரயில் இங்கே நிற்பதில்லை என்று எழுத மனம் வராமல், அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் கோட்டை நன்றாகத் தெரியும் என்று எழுதினேன். தொமிசே படித்துவிட்டு, "ஐயா, உண்மை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள். இருக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். விஷயம் எப்படியோ வெளியே போய், தினமும் என்னோடு கோ என்னும் பலகையாட்டம் ஆடுகிற பலகாரக் கடை நிஷிவாகி ஒரு பெட்டி கஷ்கொட்டைப் பலகாரத்தோடு வந்தார். அந்தக் காலத்தில் கோட்டையை ஆண்ட பிரபு வேட்டையிலிருந்து திரும்பும்போது தன் கடை வாசலில்தான் குதிரையை நிறுத்திப் பலகாரம் தின்றார், அதைச் சேர்க்கலாம்தானே என்று கேட்டார். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் என் அறியாமையாகவும் இருக்கலாம். நம் வீட்டில் அப்பா முதல் எல்லோரும், வேண்டாம் என்று சொல்ல வாய் வராதபோது சொல்கிறோமே, அதையே சொன்னேன்: "இருக்கட்டும்." விட்டுவிடுங்கள் என்ற பொருளில். அவர் நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். மறுநாள் எதிர்க்கடை கமேயோ அம்மாள், அதே பிரபு, அதே குதிரை, தன் கடை வாசல் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவளிடமும் "இருக்கட்டும்" என்றேன். இரண்டு பேரும் நேராக அலுவலகத்துக்குப் போய், வாத்தியார் ஒப்புக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். கையேடு அச்சாகி வந்தபோது பார்த்தால், பிரபு முதலில் ஒரு கடையில் தின்றுவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்க்கடையிலும் தின்றிருக்கிறார்.

அதிலிருந்து கடைத்தெருவில் எனக்கு நடமாட்டம் இல்லை. "ரெண்டு கடையிலயும் தின்னாருன்னா அவரு பிரபுவா, தின்னிப்பண்டாரமா?" என்று நிஷிவாகி என் வாசலில் நின்றே கேட்டார். அந்த ஆள் கடையில் பிரபு செருப்பு வாரைச் சரிசெய்யத்தான் நின்றிருப்பார் என்று கமேயோ அம்மாள் எல்லோரிடமும் சொல்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை கோட்டை முற்றத்தில் கையேட்டு வெளியீடு, மேயர் முன்னிலையில் நான் அந்த அறிமுகத்தை வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது ஒரு கடையை விட்டுவிடுங்கள் ஐயா, எதை என்று நீங்களே முடிவுசெய்யுங்கள் என்று தொமிசே சொல்லிவிட்டாள். எதை விட்டாலும் பாதித் தெரு என்னோடு பேசாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நிஷிவாகி ஆட்டப் பலகையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். பலகை அவருடையது, காய்கள் என்னுடையவை. உன் அண்ணி போன பிறகு மாலை நேரத்தில் இந்த வீட்டில் கேட்ட ஒரே சத்தம் அவர் காய் வைக்கும் சத்தம்தான். இப்போது காய்களைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்புவதாக உறுதியாக முடிவுசெய்துவிட்டேன். ஓரளவு உறுதியாக.

உன் தோட்டத்து முள்ளங்கி பூச்சி விழாமல் விளையட்டும். உங்கள் இருவருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணன் தெய்ஜி

பி.கு.: உறையை ஒட்டித் தபால்பெட்டிக்குக் கிளம்பினால், வாசலில் நிஷிவாகி, பலகையும் கையுமாக. "ஓடப்போறீராமே, வாத்தியாரே? ரயில் டைம் விசாரிச்சீராம், ஸ்டேஷன்ல சொன்னாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "என் கடை பேரை அடிச்சிடும். பிரபு எங்கயோ தின்னுட்டுப் போறாரு. உம்மை மாதிரி தினமும் தோக்கறதுக்கு எனக்கு வேற ஆளு எங்க கிடைப்பான்?" என்றார். என் வாயில் வந்தது ஒரே சொல்தான்: "இருக்கட்டும்." "அடிக்கவா, வைக்கவா? தெளிவாச் சொல்லும்" என்று கேட்டார். காய்களை எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வாசிக்கப்போகிறேன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உறையைப் பிரித்து இதை மட்டும் சேர்க்கிறேன், கடிதத்தைத் திரும்ப எழுத நேரமில்லை, ஆட்டத்தில் இப்போது என் முறை. மாடியறை வேண்டாம். இந்தப் பின்குறிப்பு வரை படிப்பதற்குள் ஒழித்து வைத்துவிட்டாய் என்றால், இருக்கட்டும்.