லென்ஸக்கா கடையில் நான் பிடித்த புழு

இல்லாத ஒரு புழுவுக்குப் பயந்து, என் நைனா வைத்த தென்னைகளை அறுக்க ஆள் கூப்பிட்ட மகாபுத்திசாலி நான். லென்ஸக்காவைப் பற்றிப் பேச இதைவிடத் தகுதி வேண்டுமா?

மருந்து கேட்டு வருகிறவனைத் துரத்தும் உரக்கடை உலகத்திலேயே ஒன்றுதான். அது செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் இருக்கிறது. தாவரவியல் படித்த லென்ஸக்கா அங்கே மேசைமேல் மைக்ராஸ்கோப்பையும் தரையில் கல்லாப்பெட்டியையும் வைத்திருப்பார். ஊருக்கு வருகிறவர்கள் கோட்டையை அண்ணாந்து பார்ப்பார்கள். அக்கா எந்நேரமும் குனிந்திருப்பார். ஒருமுறை ஒருவர் வந்து கேட்டார்:

"தென்னைக்கு மருந்து குடுக்கா."

"இன்னா சீக்கு?"

"தெரியல. பக்கத்துக் கொல்லக்காரன் அடிச்சான்."

"அப்ப அவன் மரத்துக்கு வந்த சீக்கு. உன்னுத கொண்டா, பாக்கலாம்."

வியாபாரம் இல்லாத நேரத்தில் எதிர் டீக்கடைச் சட்னிகூடக் கண்ணாடிக்கு அடியில் போகும். ஒருநாள் பார்த்துவிட்டு "ம்ம்..." என்றார். அவ்வளவுதான், டீக்கடைக்காரர் அக்காவுக்குச் சட்னி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்.

எங்கள் ஊர் வல்லத்தில் தென்னை ஒன்றின் நடுக்குருத்து வாடியது. இழுத்தால் கையோடு வந்தது. ஒரே நாற்றம். அக்காவிடம் கொண்டுபோனேன். அழுகலில் துளி சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்தார். நான் முந்திக்கொண்டு கண்ணை வைத்தேன். கறுப்பாக, வளைந்து, தடியாக ஒரு புழு! நான் கண் சிமிட்டினால் அதுவும் துள்ளியது.

வெளியே பாய்ந்து ரம்பக்காரருக்குப் போன் போட்டேன். "எல்லா மரத்தையும் அறுத்துடுண்ணே, புழு பரவிடும்!"

அக்கா நிதானமாகப் பார்த்தார். "குட்டி குட்டி எலுமிச்சம்பழமா தெரியுது. பூஞ்ச. குருத்தழுகல். புழு எங்கடா?"

"துள்ளுச்சுக்கா!"

என் இமையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, வேறு கண்ணாடியில் வைத்தார். அதே புழு! இம்முறை துள்ளவில்லை.

"கண்ண அப்படி ஒட்டி வச்சா உன் இமைதான் தெரியும். மொதல்ல அந்த ஆள நிறுத்து."

மறுநாள் அக்காவே கொல்லைக்கு வந்துவிட்டார். மரம் ஏறுகிறவர் ஒருவரைக் கொண்டு அழுகலைச் செதுக்கி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையைப் பூசி, உச்சியில் பிளாஸ்டிக் தாளைக் கட்டவைத்தார். மற்ற மரங்களுக்கும் மருந்து தெளித்தோம்.

"மரத்துக்கு இன்னாப்பா தலப்பா?" என்று ஊர் சிரித்தது.

சில மாதத்தில் தலைப்பாகைக்குள்ளிருந்து பச்சைக் குருத்து நீட்டியது. மற்ற மரங்களும் பிழைத்தன. "எங்க அக்கா செஞ்சது" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் இழுத்துவந்து காட்டினேன்.

இப்போது அனந்தபுரத்திலிருந்தெல்லாம் பையில் ஓலையோடு வருகிறார்கள். யார் வந்தாலும், பஞ்சில் பொத்திவைத்த ஒரு பழைய கண்ணாடித் துண்டைத்தான் அக்கா முதலில் காட்டுகிறார். ஒருநாள் பெருமையோடு கேட்டேன்.

"எங்க மரத்துப் பூஞ்சதானக்கா அது?"

குனிந்த தலை நிமிராமலே சொன்னார்:

"உன் இமை முடி."