கறிவேப்பிலைக் கன்றுக்கு அறுநூறு வாட்

எலக்ட்ரிகல் என்ஜினீயரிடம் விளக்கைப் பற்றி யாரும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் கேட்கமாட்டான் என்பது மட்டுமல்ல, அதற்கு நேர் எதிராகச் செய்தும் காட்டுவான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். நடந்து மூன்று வருடம் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. லைட் விற்ற கடைக்காரன் மேல், எதிர் வீட்டுக்காரர் மேல், வீட்டுக்கு வந்த போலீஸ்காரி மேல். எல்லாரையும் விட, அந்த வருடம் என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்த மடையன் மேல்.

அந்த வருடம் செப்டம்பரில் எங்கள் மகள் தாரிணிக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். சிட்னியில் அரங்கேற்றம் என்றால் ஆட்டம் பாதி, ரிட்டர்ன் கிஃப்ட் பாதி. ஒரு வீட்டில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் பித்தளைப் பிள்ளையார். (எங்கள் வீட்டில் இப்போது பதினோரு பிள்ளையார்கள் வரிசையாக நிற்கிறார்கள், எடுத்து வைக்க இடமில்லை.) என் மனைவி மாலதி யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். குடும்பத்துக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று. தினமும் தாளிக்கும்போது நம் நினைவு வரும் என்றாள். எனக்கே சிலிர்த்துவிட்டது.

விதை கொடுத்தது வென்ட்வேர்த்வில் சரோ அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் மரம்தான் அந்தத் தெருவில் பாதிப் பேருடைய சாம்பாருக்கும் சொதிக்கும் ஆதாரம். மார்ச்சில் பழம் பொறுக்கி விதைத்தோம். மே மாதம் நூற்றிருபது சின்னத் தொட்டிகளில் நூற்றிருபது கன்றுகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து இலை. மாலதி அன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டாள். கன்று எடுத்துப்போகப் பை கொண்டு வரவும் என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

அப்புறம் குளிர் வந்தது. கன்றுகளை வீட்டுக்குள் கொண்டுவந்து, மாடியில் தெருவைப் பார்த்த அறையில் பலகை போட்டு அடுக்கினோம். ஜன்னல் வெளிச்சம் போதாமல் அவை வெளிறி, ஒல்லியாக நீண்டு சாய ஆரம்பித்தன.

"என்னங்க, இதுக்கு ஒரு லைட் வாங்கணும்னு சொல்றாங்க. நீங்கதான் என்ஜினீயராச்சே" என்றாள் மாலதி.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

செவன் ஹில்ஸில் பட்டறைகளுக்கு நடுவே, வீட்டுக்குள் செடி வளர்ப்பதற்கான சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கஞ்சாச் செடிக்காகத்தான் வருகிறார்கள் என்று எனக்கும் தெரியும். நம்ம ஆள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுத் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தேன். (இதைவிடச் சந்தேகமாக ஒரு மனிதன் நடக்க முடியாது.)

கடைக்காரனுக்குக் கழுத்து வரை பச்சை குத்தியிருந்தது.

"எத்தனை செடி, மேட்?"

"நூற்றிருபது."

அவன் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். "எல்லாம் உனக்கா?"

"இல்லை, இல்லை. மகளின் விழாவுக்கு வருகிறவர்களுக்கு. ஆளுக்கு ஒன்று."

அவன் முகத்தில் மரியாதை தெரிந்தது. நான் பதறிப்போய், இது கறிவேப்பிலை, சமையலுக்கு என்று விளக்கினேன். "சரி, சரி. எல்லாரும் தக்காளி என்பார்கள். கறிவேப்பிலை இப்போதுதான் கேட்கிறேன்" என்று கண்ணடித்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் அவன் சுத்தம். "எந்தச் செடியாக இருந்தாலும் குழந்தைதானே. இந்தச் சின்ன வெள்ளை எல்.இ.டி. நாலு வாங்கிக்கொள். தலைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடு. பதினாறு மணி நேரம் எரியட்டும், அப்புறம் தூங்கவிடு" என்றான். மேலே தொங்கிய ஒரு பெரிய ஊதா லைட்டைக் காட்டி, இது எத்தனை வாட் என்று கேட்டேன். அறுநூறு என்றான். "அது பூக்கிற வயசுக்கு. குஞ்சுகளுக்கு வேண்டாம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். பதினெட்டு வருடமாக மின்சாரத்தில் சோறு தின்கிறவன் நான். துணை மின்நிலையம் வடிவமைக்கிறவனுக்கு பல்பு வாங்கப் பாடம் எடுக்கிறானா? விழாவுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது, சின்ன லைட்டில் இது எப்போது வளர்ந்து நிற்பது? "அந்தப் பெரியதையே இறக்கு" என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஏணியை எடுத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் கட்டினேன். கன்றுகளின் தலைக்கு மேல் சரியாக அரை அடி. வெளிச்சம் வீணாகக் கூடாது என்று சமையலறை அலுமினியத் தாளை எடுத்துவந்து சுவர் முழுக்க ஒட்டினேன், ஜன்னலில் முக்கால்வாசி ஒட்டியபோது தாள் தீர்ந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் அறை முழுவதும் ஊதா. தாரிணிக்கு அப்போது பதினாலு வயது. கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இட்ஸ் டூ க்ளோஸ். கொஞ்சம் தூக்குங்க. எனக்கே கண்ணு கூசுது, அதுங்க குட்டி குட்டியா இருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? தூரம் ரெண்டு மடங்கு ஆனா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும். ஃபிசிக்ஸ்!"

"ஃபைன்" என்றாள். ஒரே ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தன் படிப்பு மேசையில் விளக்குக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நூற்றிருபதில் ஒன்று குறைகிறதே என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன்.

மறுநாள் மெல்பர்ன் கிளம்பினோம். மல்கிரேவில் இருக்கும் என் சகலை வீட்டில் வார இறுதிக்கு ஒரு விசேஷம். லைட்டைப் போனிலிருந்தே இயக்கலாம். சாப்பிட உட்கார்ந்தபோது அதைச் சகலையிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை.

"பதினாறு மணி நேரம்னு போட்டிருக்கே, மிச்ச நேரம் என்ன?" என்று கேட்டார்.

"தூங்கணுமாம்" என்று சிரித்தேன். "செடிக்கு எதுக்குங்க தூக்கம்?" கேட்டுவிட்டு, அவர் கண் முன்னாலேயே அதை இருபத்துநாலாக மாற்றினேன். எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, கையில் பாயசத்தோடு, என் கட்டைவிரலால் அந்தக் காரியத்தைச் செய்தேன். இப்போது நினைத்தாலும் அந்த விரலைக் கடிக்கத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை மதியம் திரும்பி வந்தால், வாசலில் போலீஸ் கார். ஒரு போலீஸ்காரி, கூட ஒரு இளம் கான்ஸ்டபிள். மாடி அறையில் இரவு பகலாக ஊதா வெளிச்சம், ஜன்னலில் அலுமினியத் தாள், ஒரு புகார் வந்திருக்கிறது, பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டாள். எதிர் வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் ஏற்கெனவே நனைந்திருந்த ரோஜாவுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாலதி என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது.

எல்லாரும் மாடிக்கு ஏறினோம், அறைக் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. ஊதா வெளிச்சத்தில் ஒன்றும் புரியவில்லை. அணைத்துவிட்டுச் சாதாரண விளக்கைப் போட்டேன். நூற்றுப் பத்தொன்பது கன்றுகளும் வெளுத்து, சுருண்டு, அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. மாலதி அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ்காரி ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். "ஓ, கறியில் மிதக்குமே, இதுவா? நான் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைப்பேன்" என்றாள். (ஒதுக்கி வைக்கிறாளாம்!) பிறகு தொப்பியைக் கழற்றினாள்.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், சார்."

அதோடு போயிருந்தால் மன்னித்திருப்பேன். படியிறங்கும்போது திரும்பி, "லைட்டை ரொம்பக் கிட்டே கட்டிவிட்டீர்கள். நாங்கள் ரெய்டு போகிற வீடுகளில் எல்லாம் குட்டிச் செடிக்குக் கொஞ்சம் தூக்கித்தான் கட்டியிருப்பார்கள்" என்றாள். கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. மகளுக்குத் தெரிந்திருக்கிறது. போலீசுக்கும், போலீஸ் பிடிக்கிற திருடர்களுக்கும்கூடத் தெரிந்திருக்கிறது.

மாலதி அன்று கத்தவில்லை. "நூத்திருபது குடும்பத்துக்குச் சொல்லியிருக்கேங்க. பை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன்.

காப்பாற்றியது சரோ அன்ரிதான். போய்த் தலை குனிந்து நின்றோம்.

"ஓம், கேள்விப்பட்டனான். கண்டெல்லாம் எரிஞ்சு போச்சாம்" என்றார். "பரவாயில்லை மாலதி, அரங்கேற்றத்துக்கு என்ர மரத்தை வெட்டுங்கோ. ஆளுக்கு ஒரு கட்டு இலை குடுப்பம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் மட்டும் மரத்துக்குக் கிட்ட வராதையும்."

அப்படியே நடந்தது. மரம் மொட்டையானது. விழாவில் மற்ற ஆண்கள் எல்லாரும் ஏதாவது வேலை செய்தார்கள். என்னைக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கி, மேடை விளக்குகளின் சுவிட்ச் பலகையிலிருந்து மிகத் தூரமாக, கார் நிறுத்துமிடத்தில் நிற்கவைத்தார்கள். பையோடு வந்தவர்கள் ஒவ்வொருவரும் இலைக்கட்டை வாங்கிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து, "லைட்டை அணைச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறினார்கள்.

தாரிணி எடுத்துப்போன அந்த ஒற்றைக் கன்று இப்போது பின்பக்கம் இடுப்பு உயரம் நிற்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றும் உரிமைகூட எனக்கு இல்லை.

அவளுக்கு இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. போன வாரம் அவள் கணக்குப் போடும்போது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியில் ஒரு தப்பு. இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி, போன தேர்வில் ஏன் அந்த மார்க் என்று என் குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா, லைட் ரொம்பக் கிட்ட இருக்கு."

சமையலறையில் மாலதி சிரிப்பது கேட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். அவள் மேசை விளக்கு அன்று அந்த ஒற்றைக் கன்றைக் காப்பாற்றிய அதே இடத்தில்தான் இருந்தது, அதே உயரத்தில். வாயை மூடிக்கொண்டு ஒன்றரை அடி பின்னால் போய் நின்றேன்.