சளி டப்பாவில் எழுதிய பெயர்

கோவில்பட்டி,
18.11.2002

மதிப்பிற்குரிய மைத்துனர் தங்கப்பாண்டியன் அவர்களுக்கு, தீப்பெட்டி ஆபீஸ் மேற்பார்வையாளர் சாமித்துரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை அழகுத்தாயும், பிரசவத்துக்கு வந்திருந்த மகள் விஜியும், நாற்பது நாள் பேத்தியும் நலம். நானும் நலம் என்று எழுதவிடாமல் எனக்கெதிராக ஒரு சதி நடக்கிறது.

மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். அழகுத்தாய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். சளியைச் சோதித்த டாக்டர் டி.பி. என்றார். அதோடு விட்டாரா? "பீடிய இன்னையோட நிறுத்துங்க" என்றார். இருபத்தைந்து வருடமாக உங்கள் தங்கை சொல்லும் அதே வாக்கியம், வார்த்தை பிசகாமல்! இவள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று அப்போதே எனக்குப் பட்டது. பீடி ஒழிந்தால் தீப்பெட்டி ஒழியும், லைட்டர்காரனுக்குக் கொண்டாட்டம். அவனுக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

மறுபடி சோதிக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். ஒரே மேசையில் என்னோடு வேலை பார்க்கும் கொம்பையாவுக்கும் லேசாக இருமல் இருந்ததால் அவனையும் கூட்டிப்போனேன். அவன் பீடி தொடாதவன். யாரும் பார்க்காதபோது என் சளி டப்பாவில் அவன் பெயரையும், அவன் டப்பாவில் என் பெயரையும் மாற்றி ஒட்டினேன். சதி என்றால் என் பெயருள்ள டப்பாவில்தானே நோய் வரும்? வரவில்லை. கொம்பையாவுக்கு டி.பி. என்று வந்தது.

மறுநாள் காலை சுகாதாரப் பணியாளர் சந்தனமாரி மாத்திரையோடு அவன் வீட்டுக்கே போய்விட்டாள். அவன் மனைவி பேபி தெருவே கூடும்படி அழுதாள்: "எங்க வீட்டுக்காரரு ஒரு பீடியக் கையால தொட்டதில்லையே! அவியளுக்கு எப்படி இந்த நோவு வந்துச்சு?" எனக்கு மனசு கேட்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஏலே, பாவி! கூட்டாளிங்கிற பாசத்துல வந்தேன், உன் சீக்க என் பேர்ல எழுதிட்டியேல!" என்று கொம்பையா அடிக்க வந்தான்.

டாக்டரையும் நான் விடவில்லை. "ஒரே ரூம்பு, ஒரே காத்து. எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு?" என்றேன்.

"கிருமி காத்துலதான் வருது அண்ணாச்சி. அவருக்குள்ளயும் போயிருக்கலாம். ஆனா இத்தன வருசப் புகை உங்க நெஞ்சோட எதிர்ப்புச் சக்தியக் கொறச்சிருச்சு. பீடி குடிக்கிறவங்களுக்குத்தான் இது சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் முத்தும்."

அவர் மேசையில் ஒரு லைட்டர் கிடந்தது. கேட்டால், இன்னொரு நோயாளியிடம் பிடுங்கியதாம். நம்புகிறீர்களா?

சந்தனமாரி இப்போது வாரம் மூன்று நாள் என் எதிரில் நின்று, விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். விஜியோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டப்பிடாரத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் வந்து உங்கள் தங்கையை விசாரித்து நியாயம் சொல்ல வேண்டும். அத்தையின் பாதங்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
சாமித்துரை

பின்குறிப்பு (27.1.2003): மேலே உள்ளதைத் தபாலில் சேர்க்கவில்லை. விஜி போன அன்று பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனேன். நான் இருமியதும் அவள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அன்றைக்கு விட்டதுதான், பிறகு பீடியைத் தொடவில்லை. இந்த மாதச் சோதனையில் சளியில் கிருமி இல்லை. விஜி திரும்பி வந்துவிட்டாள். இன்னும் நாலு மாதம் மாத்திரை உண்டு. டாக்டர் சொன்னது அத்தனையும் நிஜம், சதி எதுவும் இல்லை. இதை உங்கள் தங்கையிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம். போன கடிதத்தில் உங்களுக்கு ஒரு மாதமாக இருமல் என்று எழுதியிருந்தீர்கள். நீங்களும் நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிறவர். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மச்சான்.