புரோசார்ட்டுக்குத் தெரியாமல்

காலையில், குதிரை வண்டி மொன்றியல் நோத்ர டாம் தேவாலயத்தைத் தாண்டித் திரும்பும்போது கௌசலாவின் செல்போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப் போயிற்று.

“அண்ணை.”

“எடாதையும்,” என்றார் அவள் கணவர் விமலநாதன்.

“எடுக்காட்டி வீட்டுப் போனுக்கு அடிப்பார். அதையும் எடுக்காட்டிப் பொலிசுக்கு அடிப்பார்.”

அவள் சொன்னதில் மிகை ஏதுமில்லை. மொன்றியலுக்கு ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் இருக்கும் சண்முகலிங்கம் தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவர். கூடவே சில சட்டங்களும் வைத்திருந்தார். அதில் முதலாவது, மொன்றியலுக்கு வருகிற சொந்தக்காரர் யாராயிருந்தாலும் அவர் வீட்டில்தான் தங்க வேண்டும் என்பது. பக்கத்து ஊரான லொங்குய்யில் ஒரு மோட்டலில் ஒரே ஒரு இரவு படுத்த குற்றத்துக்காகப் பெரியப்பா மகனோடு ஏழு வருடமாகப் பேச்சில்லை. அந்த மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. கௌசலாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு அண்ணன்தான்.

விமலநாதனும் பதினொரு வருடமாக ஒவ்வொரு ஓகஸ்டிலும் டொரண்டோவிலிருந்து மொன்றியலுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் பார்த்தது மச்சான் வீட்டு நிலவறையை மட்டும். நாளுக்கு நாலு வேளைச் சாப்பாடு, இடையிடையே யாரோ ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுச் சடங்கு வீடியோ. 2006இல்தான் துணிச்சல் வந்து, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், கல்லுச் சுவரும் பதினான்கே அறைகளுமாக இருந்த ஒரு சின்ன ஹோட்டலில் இரண்டு நாளைக்கு அறை எடுத்தார். தெரிந்த தமிழர் கண்ணில் பட்டுவிடாதிருக்கக் கறுப்புக் கண்ணாடியும், காதை மூடும் பனிக்காலத் தொப்பியும் போட்டிருந்தார். வெயிலில் அந்தத் தொப்பியைக் கண்டு, வண்டியோட்டி உட்பட, தெருவே திரும்பிப் பார்த்தது.

“ஓம் அண்ணை, வீட்டிலதான் நிக்கிறம்,” என்றாள் கௌசலா.

“என்ன அங்க டொக்கு டொக்கெண்டு சத்தம்?”

“உடுப்புத் தோய்க்கிற மெசின்.”

“இந்தமுறை எப்ப வாறியள்? அண்ணி சாமான் வாங்கிறதுக்குக் கேக்கிறா.”

கௌசலா தொப்பிக்காரரைப் பார்த்தாள். “இவருக்குக் காய்ச்சல் அண்ணை. எழும்பேலாமல் படுத்திருக்கிறார். இந்தமுறை வரேலாது.”

மறுமுனையில் அவர் அண்ணியோடு ஏதோ குசுகுசுத்துவிட்டு வந்தார்.

“நிச்சயமா வரமாட்டியளோ?”

“இல்லை அண்ணை.”

“நாளைக்கும்? நாளையிண்டைக்கும்?”

“வரமாட்டம் அண்ணை.”

“சரி,” என்றார் அவர். குரல் லேசாக நடுங்கியது. போனை மூடியதும் கௌசலா அழத் தொடங்கிவிட்டாள்.

“அண்ணைக்கு மனம் உடைஞ்சு போச்சு. குரலைக் கேட்டனீங்களோ?”

அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்தைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. விமலநாதனுக்கோ வேறு கவலை. ஸ்காபரோவில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு றோஸ்மேரி, சண்முகலிங்கத்தின் மனைவியோடு கிழமைக்கு இரண்டு தரமாவது போனில் கதைப்பவள். அவள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டால் போச்சு. முந்திக்கொண்டு அவளுக்கு அடித்தார்.

“றோஸ்மேரி, புரோசார்ட்டில இருந்து ஆரும் கேட்டால் எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லும்.”

“அதுக்கென்ன அண்ணை, நான் வடிவாச் சொல்லுறன்.”

வடிவாகத்தான் சொன்னாள். மூன்றரை மணிக்கு, அவர்கள் துறைமுகக் கரையில் ஐஸ்கிரீமும் கையுமாக நிற்கும்போது, அவளே அழைத்தாள்.

“அண்ணை, புரோசார்ட் அக்கா அடிச்சு, துருவித் துருவிக் கேட்டா. வெறும் காய்ச்சல் எண்டால் நம்பமாட்டா எண்டு ஆஸ்பத்திரியில விட்டிருக்கெண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏன் பிள்ளை?”

“வாயில வந்திட்டுது. மூச்செடுக்கக் கஷ்டப்படுறார் எண்டும் சொன்னனான்.”

விமலநாதன் போனை மூடவில்லை, கௌசலாவின் போன் அடித்தது.

“எந்த ஆஸ்பத்திரி பிள்ளை? நாங்கள் வெளிக்கிட்டிட்டம்.” சண்முகலிங்கம் அழுதுகொண்டிருந்தார்.

“வேண்டாம் அண்ணை, இப்ப வீட்ட போகச் சொல்லி விட்டிட்டாங்கள்.”

“விட்டிட்டாங்களோ? இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை எண்டோ விட்டவங்கள்? நீ எனக்கு ஒண்டையும் மறைக்காதை. இரவைக்கிடையில நான் அங்க நிப்பன்.”

போன் நின்றுபோயிற்று. பிறகு அடித்தால் எடுக்கவில்லை.

“உண்மையைச் சொல்லிப்போடுவம்,” என்றார் விமலநாதன்.

“சொன்னால் எனக்கு அண்ணை இல்லை.”

அவள் அதைச் சத்தம் போடாமல் சொன்னாள். விமலநாதன் மிச்ச ஐஸ்கிரீமைக் குப்பைத் தொட்டியில் போட்டார். தன்னுடைய ஒரு ஆசைக்காக இவளுக்கிருந்த ஒரே உறவையும் அறுத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

“இஞ்சேரும், உம்மட அண்ணை புரோசார்ட்டில இருந்து பாலம் தாண்டவேணும். இந்த நேரத்துக்கு அதில அரை மணித்தியாலமாவது நிப்பார். நாங்கள் இஞ்சால் பக்கம் நிக்கிறம். இப்பவே காரை எடுத்தால் அவருக்கு முன்னம் வீட்ட போயிடலாம். நான் போர்வையை மூடிக்கொண்டு படுக்கிறன்.”

கல் பதித்த தெருவில் இருவரும் ஓடினார்கள். பார்க்க வேண்டியவற்றில் மிச்சமிருந்த நூதனசாலையும் பழைய சந்தையும் பின்னால் போயின. அறைக்குள் புகுந்து, குளித்துத் துடைத்த ஈரத் துவாயோடு சேர்த்து எல்லாவற்றையும் பெட்டிக்குள் அமுக்கினார்கள். கீழே வரும்போது விமலநாதனுக்கு உடம்பு கொதித்தது, மூச்சும் உண்மையிலேயே முட்டியது.

வரவேற்பு மேசையில் அனுப்ரியா இருந்தாள். சென்னையிலிருந்து படிக்க வந்து, பின்னேரங்களில் இங்கே வேலை செய்கிற பெண். பெட்டியைக் கண்டு எழுந்து நின்றாள்.

“சார், உங்களுக்கு நாளைக்கும் ரூம் இருக்கே.”

“அவசரம் பிள்ளை. டொரண்டோவுக்கு இப்பவே போகவேணும்,” என்று அறைத் திறப்பை மேசையில் வைத்தார் விமலநாதன்.

அனுப்ரியா திறப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னிக்கு எல்லாருமே டொரண்டோவுக்கு ஓடறீங்க சார். இப்பதான் மேல் மாடியிலேருந்து ஒரு புரோசார்ட் ஃபேமிலி, மச்சானுக்கு சீரியஸ்னு அழுதுக்கிட்டே கார்ல கிளம்பினாங்க. பாவம், வருஷா வருஷம் அவங்க லீவெல்லாம் அந்த மச்சானுக்குச் சமைச்சே போயிடுமாம், இந்த வருஷம் அவருக்குக் காய்ச்சல், வரமாட்டார்னு கேட்ட உடனேதான் ரூமே புக் பண்ணாங்க.”